'உங்களுக்கென்ன, எல்லாம் ஃப்ரீ!'

முதல்லயே ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திடறேன். நான் மலையாளி. ஆனா, கேரளா இல்லை! எனக்கு ஓணமும் தெரியாது, புட்டும் கடலையும் தெரியாது. மலையை ஆள்பவன் மலையாளி. கொல்லிமலை, பச்சைமலை, ஏற்காடு, கல்வராயன் மலை, ஜவ்வாது மலைன்னு தமிழ்நாட்டு மலைகள்ல தலைமுறை தலைமுறையா வாழற பழங்குடிங்க நாங்க. பேசறது தமிழ். காஞ்சிபுரத்துல இருந்து கிளம்பி வந்து மலையேறினோம்னு பாட்டிங்க கதை சொல்வாங்க.

காலேஜ்ல சேர்ந்த புதுசுல இந்த விளக்கத்தைச் சொல்லிச் சொல்லி நாக்கு தேய்ஞ்சு போச்சு. விளக்கம் முடிஞ்சதும் அடுத்து ஒரு வசனம் வரும் பாருங்க... "அப்போ நீ எஸ்.டி.யா? உங்களுக்கென்ன மாப்ள, எல்லாம் ஃப்ரீ!"

இதைச் சொல்றவங்க யாரும் கெட்டவங்க இல்லை. கேன்டீன்ல எனக்கும் சேர்த்து டீக்குக் காசு கொடுக்கறவங்க, நான் ஊருக்குப் போயிட்டா எனக்கும் சேர்த்து நோட்ஸ் எடுத்து வைக்கறவங்க. அவங்க நிஜமாவே அப்படித்தான் நம்பறாங்க. அதனாலதான் எழுத உட்கார்ந்தேன். அந்த 'ஃப்ரீ'க்குள்ள என்ன இருக்குன்னு பைசா சுத்தமா கணக்கு காட்டிடலாம் வாங்க.

எங்க ஊர் கொல்லிமலை. அடிவாரம் காரவள்ளியில இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறணும். டூரிஸ்ட்டா வர்றவங்க வளைவுக்கு வளைவு செல்ஃபி எடுப்பாங்க. நாங்க வளைவை எண்ணிக்கிட்டே தூங்கிடுவோம். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம். சில்வர் ஓக் மரத்துல ஏத்திவிட்ட மிளகுக் கொடி, நாலு பலா, மழை பெய்தா சாமை, மரவள்ளி. இதுதான் சொத்து. நான் படிச்சது அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி. சோறு, இடம், படிப்பு எல்லாம் அங்கேயே. பிளஸ் டூ முடிச்சு 2023-ல் மலை இறங்கினேன். எங்க குடும்பத்துல பட்டப்படிப்புக்கு இறங்கின முதல் ஆள் நான்தான்.

"அரசு கல்லூரியில சேர்ந்திருக்கலாமே?"ன்னு கேட்பீங்க. ஆசைதான். தமிழ்நாட்டுல எஸ்.டி.க்கு ஒரு சதவீத இட ஒதுக்கீடு, 1990-ல் தனியாப் பிரிச்சுக் கொடுத்தது. 50 சீட் இருக்கிற வகுப்புல ஒரு சதவீதம்னா எவ்வளவு? அரை சீட்! அதை முழுசாக்கி ஒண்ணுன்னு கொடுத்தாலும், அந்த ஒத்தை சீட்டுக்கு எத்தனை மலையில இருந்து எத்தனை பேர் வருவாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. எனக்கு முன்னாடி மார்க் வாங்கினவங்க இருந்தாங்க. நான் கேட்ட பி.எஸ்சி. எனக்குக் கிடைச்சது ஒரு தனியார் கல்லூரியில, 'செல்ஃப் ஃபைனான்ஸ்' பிரிவுல.

சரி, இப்போ அந்த 'ஃப்ரீ'க்கு வருவோம்.

பத்தாவதுக்கு மேல படிக்கிற பழங்குடி மாணவர்களுக்கு 'போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்'னு ஒண்ணு இருக்கு. 1944-ல் பட்டியல் சாதி மாணவர்களுக்காகத் தொடங்கின திட்டம். பிறகு எங்களுக்கும் வந்தது. குடும்ப வருமானம் வருஷத்துக்கு இவ்வளவுக்குள்ள இருக்கணும்னு ஒரு வரம்பு உண்டு. 2013-ல் அதை 2.5 லட்சம் ரூபாயா உயர்த்தினாங்க. செலவுல 100-க்கு 75 ரூபாய் மத்திய அரசு, 25 ரூபாய் மாநில அரசு. தமிழ்நாட்டுல இன்னும் ஒருபடி மேலே போய், 2012-ல் அரசாணை எண் 92 வந்தது. சுயநிதிக் கல்லூரியில படிக்கிற எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களோட கட்டணத்தையும் அரசே ஏத்துக்கும்னு சொன்ன ஆணை அது. அதை நம்பி மலையிறங்கினவங்க எங்க பக்கத்துல நிறைய பேர்.

திட்டம் நல்ல திட்டம். அதுல எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒரே ஒரு கேள்விதான். பணம் எப்போ வரும்?

முதல் வருஷம் ஜூன் மாசம். ஃபீஸ் 11,000. ஹாஸ்டல் அட்வான்ஸ் 7,000. அரசு விடுதியில இடம் கிடைக்கலை, அதனால கல்லூரி ஹாஸ்டல். மொத்தம் 18,000 ரூபாயை எண்ணி வெச்சாத்தான் அட்மிஷன். "ஸ்காலர்ஷிப் வந்ததும் கட்டிடறேன் சார்"னு சொன்னேன். "வந்ததும் நீயே எடுத்துக்கப்பா, இப்போ கட்டு"ன்னு பதில்.

ஜூன் மாசம் மிளகு விவசாயி கையில என்ன இருக்கும்? ஒண்ணும் இருக்காது. பறிப்பு தை, மாசியிலதான். அப்பா எப்பவும் போற இடத்துக்குத்தான் போனார். எங்க மிளகை எடுக்கற வியாபாரி. கொடியில காய் பிடிக்கறதுக்கு முன்னாடியே அட்வான்ஸ் கொடுப்பார். வட்டி நூத்துக்கு மூணு ரூபாய். அறுவடை ஆனதும் மிளகை அவருக்கே போடணும், சந்தை விலையைவிடக் கொஞ்சம் குறைச்சு. அவரைத் திட்ட எனக்கு மனசு வராது. அவர் இல்லேன்னா நான் அந்த காலேஜ் கேட்டைத் தாண்டியிருக்கவே மாட்டேன்.

இப்போ கணக்கு. 18,000-க்கு மூணு வட்டின்னா மாசம் 540 ரூபாய். என் ஸ்காலர்ஷிப் வந்து சேர்ந்தது அடுத்த வருஷம் ஏப்ரல்ல. பத்து மாசம். ஆக, வட்டி மட்டும் 5,400. ஃபீஸ் பணம் திரும்பி வந்ததும், மிளகு வித்த பணமும் சேர்ந்து அசலுக்குப் போச்சு. மிச்சம் இருந்தது பராமரிப்புப் படி. அதாவது சாப்பாடு, புத்தகம், பஸ்ஸுக்குன்னு அரசு கொடுக்கற பணம். பட்டப்படிப்புல விடுதி மாணவருக்கு மாசம் 570 ரூபாய்னு 2010-ல் மத்திய அரசு திருத்தின விகிதம். (2010-ல் பொறந்த குழந்தை இப்போ மீசை முளைக்கிற வயசுக்கு வந்தாச்சு. எனக்கு வந்தது அதே 570 கணக்குதான்!) பத்து மாசத்துக்கு 5,700.

5,700-ல் வட்டி 5,400 போக மிச்சம்..? முந்நூறு ரூபாய்!

ஒரு வருஷம் முழுக்க அரசாங்கம் எனக்குச் சாப்பாட்டுக்குக் கொடுத்த பணத்துல என் கைக்கு வந்தது முந்நூறு ரூபாய். மெஸ் பில்லை எப்படிக் கட்டினேன்? சனி, ஞாயிறுல கல்யாண மண்டபத்துல கேட்டரிங் வேலைக்குப் போனேன். எங்க ஹாஸ்டல்ல பாதிப் பேர் போற வேலைதான் அது.

இந்தக் கணக்கை ஒருநாள் கேன்டீன்ல, ஜெராக்ஸ் பேப்பர் பின்னாடி எழுதிக் காட்டினேன். 'உங்களுக்கென்ன, எல்லாம் ஃப்ரீ' கோஷ்டியோட தலைவன் ரெண்டு தடவை கூட்டிப் பார்த்தான். வட்டியைத் தனியா மொபைல்ல போட்டுப் பார்த்தான். அப்புறம் சொன்னான், "டேய்... அப்போ ஸ்காலர்ஷிப் வாங்கறது நீ இல்லடா, மிளகு வியாபாரி!"

எங்க காலேஜ்ல எகனாமிக்ஸ் டிபார்ட்மென்ட்டே யோசிக்காத பாயின்ட் அது. அன்னிக்கு டீக்குக் காசு அவனே கொடுத்தான்.

ஏன் லேட் ஆகுதுன்னு கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். முதல் காரணம், ரெண்டு காலண்டர். காலேஜுக்கு ஜூன்ல வருஷம் பொறக்குது. அரசாங்க நிதியாண்டு ஏப்ரல்ல பொறந்து மார்ச்ல முடியுது. நாம ஜூன்ல சேர்ந்து, அதுக்கப்புறம் போர்ட்டல் திறந்து, விண்ணப்பிச்சு, காலேஜ்ல சரிபார்த்து, மாவட்டத்துல சரிபார்த்து, மாநிலத்துக்குப் போய், அங்கே பட்டியல் ஆகணும். இதுக்கு நடுவுல, போன தவணையைச் செலவு பண்ணினதுக்கு மாநிலம் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தாத்தான் மத்திய அரசு அடுத்த தவணையை விடுவிக்கும். இப்படி ஒவ்வொரு படியிலயும் ஒரு மாசம் தங்கினாலே மார்ச் வந்துடும்.

ரெண்டாவது காரணம், பேங்க் அக்கவுண்ட். ஆதார் இணைச்சிருக்கணும், மொபைல் நம்பர் உயிரோட இருக்கணும், ஓ.டி.பி. வரணும். எங்க ஊர்ல சிக்னல் வேணும்னா பாறை மேல ஏறணும். லீவுக்குப் போன நேரம் பார்த்து போர்ட்டல் ஓ.டி.பி. கேட்டா, நாங்க பாறையில உட்கார்ந்து செல்போனை வானத்துக்குக் காட்டிக்கிட்டு இருப்போம். தூரத்துல இருந்து பார்க்கறவங்களுக்கு ஏதோ பூஜை பண்ற மாதிரி தெரியும்!

என் சீனியர் ஒருத்தர் பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு போட்டார். '30 நாள்ல பதில் சொல்லணும்'கிறது 2005-ல் வந்த அந்தச் சட்டம். பதில் ஒழுங்கா வந்தது. 'தங்களது விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது.' அந்தப் பேப்பரை லேமினேட் பண்ணி ரூம் கதவுல மாட்டியிருக்கார். அவர் படிப்பை முடிச்சுட்டுப் போயாச்சு. பேப்பர் இன்னும் அங்கேதான் இருக்கு.

இதெல்லாம் கையில சான்றிதழ் இருக்கறவங்க கதை. அது இல்லாதவங்க கதையையும் கேளுங்க.

என் ரூம்மேட் ஈரோடு மாவட்டம் பர்கூர் மலைக்காரன். அவனும் மலையாளிதான். எங்க பாட்டி பாடற பாட்டைத்தான் அவங்க பாட்டியும் பாடறாங்க. ஆனா, அவன் எஸ்.டி. இல்லை! பழங்குடிப் பட்டியல்ல மலையாளிங்கிற பேருக்குப் பக்கத்துலயே சில மாவட்டங்களோட பேரையும் எழுதியிருக்காங்க. சேலம், தர்மபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, திருச்சி, புதுக்கோட்டை. 1976-ல் திருத்தின அந்தப் பட்டியல்ல கோயம்புத்தூர் மாவட்டம் இல்லை. அப்போ பர்கூர் மலை அந்த மாவட்டத்துலதான் இருந்தது. எங்க கொல்லிமலை அன்னிக்கு சேலம் மாவட்டம். அவ்வளவுதான் வித்தியாசம். மாவட்ட எல்லைக்கோடு போட்டவர் கை கொஞ்சம் இப்படி அப்படிப் போயிருந்தா, அவனுக்கு ஸ்காலர்ஷிப், எனக்குப் பட்டை நாமம்! பட்டியல்ல சேர்க்கச் சொல்லி அவங்க ஊர்க்காரங்க பல வருஷமா மனு கொடுத்துக்கிட்டே இருக்காங்க. "நீ கடன் வாங்கிட்டு அப்புறம் பணம் வாங்கற. நான் கடன் மட்டும்தான் வாங்கறேன்"னு சிரிச்சுக்கிட்டே சொல்வான். அவன் சிரிக்கிறதைப் பார்த்தா நமக்குச் சிரிப்பு வராது.

பட்டியல்ல சேர்றது சும்மா இல்லை. நரிக்குறவர் சமூகம் எத்தனையோ வருஷம் கேட்டு, 2022 டிசம்பர்லதான் அதுக்கான மசோதா நாடாளுமன்றத்துல நிறைவேறுச்சு. பட்டியல்ல இருந்தாலும் சான்றிதழ் வாங்கறது இன்னொரு மலை. எஸ்.டி. சான்றிதழை முன்னே தாசில்தாரே கொடுத்துட்டிருந்தார். 1989 நவம்பர்ல அந்த அதிகாரம் ஆர்.டி.ஓ.வுக்குப் போச்சு. போலிச் சான்றிதழைத் தடுக்கணும், நியாயம்தான். எங்க சீட்டை எவனோ தூக்கிட்டுப் போனா நஷ்டம் எங்களுக்குத்தானே! ஆனா, அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ பள்ளிக்கூட டி.சி. இல்லாத ஒரு இருளர் பையனோ காட்டுநாயக்கர் பொண்ணோ 'நான் நான்தான்'னு எந்தக் காகிதத்தை வெச்சு நிரூபிக்கும்? படிச்ச வீட்டுக்குத்தான் காகிதம் இருக்கும். படிக்கறதுக்கே அந்தக் காகிதம்தான் வேணும்!

மேலே இன்னும் நிறைய இருக்கு. மத்தியப் பிரதேசம் அமர்கண்டக்ல பழங்குடிகளுக்குன்னே ஒரு மத்தியப் பல்கலைக்கழகம், 2007-ல் சட்டம் போட்டு ஆரம்பிச்சது. பிஎச்.டி. படிக்க வருஷத்துக்கு 750 பேருக்கு ஃபெல்லோஷிப்னு ஒரு திட்டம். வெளிநாடு போய்ப் படிக்க வருஷத்துக்கு 20 பேர். பத்துக் கோடிக்கு மேல பழங்குடிகள் இருக்கிற நாட்டுல 20 பேர்ங்கறது எங்க ஊர் மினி பஸ்ல பாதி கூட்டம். அதுவும் இருக்கட்டும். அந்த உயரத்துக்கு ஏறணும்னா முதல்ல பி.ஏ.வோ பி.எஸ்சி.யோ முடிக்கணும். 2021-22-ல் மத்திய அரசு எடுத்த உயர்கல்விக் கணக்குல, காலேஜ் வயசுல இருக்கிற நூறு பேருக்கு 28 பேர் உயர்கல்வியில இருக்காங்க. பழங்குடிகள்ல அது 21. தமிழ்நாட்டுப் பழங்குடிகள்ல எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்களே 2011 கணக்குப்படி நூத்துக்கு 54 பேர்தான். மாநிலத்துக்கு மொத்தமா அது 80.

"அரசாங்கம் எவ்வளவுதான் கொடுக்கும்?"னும் சிலர் கேட்பாங்க. கொடுக்கறது தர்மம் இல்லை பாஸ். பட்டியல் சாதி, பழங்குடி மக்களோட கல்வியைத் தனி அக்கறையோட வளர்க்கணும்னு அரசியல் சட்டம் 46-வது பிரிவுல அரசுக்கே கடமை வெச்சிருக்கு. இன்னொண்ணும் சொல்லணும். எங்க மலையில இருந்து பல வருஷம் லாரி லாரியா பாக்ஸைட் இறங்கிச்சு. அந்த 70 வளைவுலதான் இறங்கிச்சு. அலுமினியம் ஆச்சு. நீங்க, நான் எல்லாரும் பயன்படுத்தறோம். மலையில இருந்து இறங்கறதுக்கு யாரும் ஓ.டி.பி. கேட்கலை. மலைக்கு ஏறி வர்ற பணத்துக்கு மட்டும் ஏன் பத்து மாசம்?

முடியாததைக் கேட்கலை. முடியும்னு அரசே செஞ்சு காட்டியிருக்கு. 2022-ல் அரசுப் பள்ளியில படிச்ச மாணவிகளுக்குப் 'புதுமைப்பெண்', 2024 ஆகஸ்ட்ல பையன்களுக்குத் 'தமிழ்ப் புதல்வன்'. மாசம் ஆயிரம் ரூபாய், நேரா பேங்க் அக்கவுண்ட்டுக்கு. எனக்கும் வந்தது. முதல் தடவை மெசேஜ் வந்தப்போ ஹாஸ்டலே ஒரு கத்து கத்துச்சு. ஆயிரம் ரூபாய் பெருசான்னு கேட்காதீங்க. மாசா மாசம் வருதுங்கறதுதான் பெருசு. அந்த மாசத்துல இருந்து நான் கேட்டரிங் வேலையைப் பாதியாக் குறைச்சேன். அரியர் ஒண்ணை க்ளியர் பண்ணினேன். ஒரே மாணவன், ஒரே அக்கவுண்ட். ஒரு பணம் மாசா மாசம் வர முடியுது. இன்னொரு பணம் வருஷக் கடைசியில மூச்சு வாங்கிக்கிட்டு வருது.

உங்க வகுப்புலயும் என்னை மாதிரி ஒருத்தர், ரெண்டு பேர் இருப்பாங்க. ட்ரீட் எல்லாம் வேணாம். ஸ்காலர்ஷிப் புதுப்பிக்கிற சீசன்ல உங்க மொபைல் ஹாட்ஸ்பாட்டைக் கொஞ்சம் ஆன் பண்ணிவிடுங்க. ஊர்ல மாட்டிக்கிட்டவனுக்காக காலேஜ் ஆபீஸ்ல போய் 'அவன் ஃபைலை அனுப்பிட்டீங்களா சார்?'னு ஒரு வார்த்தை கேளுங்க. மாணவர் பேரவைத் தேர்தல்ல நிற்கிறவர்கிட்ட, 'ஸ்காலர்ஷிப் வர்ற வரைக்கும் ஃபீஸ் கேட்காதீங்கன்னு நிர்வாகத்துகிட்ட பேசுவியா?'ன்னு கேட்டுட்டு ஓட்டுப் போடுங்க.

இப்போ இதை எழுதறதுக்குக் காரணம் என் தங்கச்சி. பிளஸ் டூ எழுதப் போறா. என்னைவிட நல்லாப் படிப்பா. நர்ஸிங் போகணும்னு ஒரே பிடிவாதம். எங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல வேலை பார்க்கிற மலைக்காரப் பொண்ணா இருக்கணும்னு ஆசை. போன மாசம் ஊருக்குப் போனப்போ அப்பா மெதுவா ஆரம்பிச்சார். "தம்பி, நீ முடிச்சு ஒரு வேலைக்குப் போயிடு. பாப்பாவ அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

அவர் மேல கோபப்பட முடியலை. அவரும் கணக்குதான் போட்டிருக்கார். இருக்கிறது ஒரு மிளகுக் காடு. அதை ஏற்கெனவே எனக்காக அட்வான்ஸ் வாங்கியாச்சு. ஒரே கொடியை ரெண்டு பேருக்கு எழுதிக் கொடுக்க முடியாது. ஆனா, எங்க மலையில 'அடுத்த வருஷம்'னா என்னன்னு எனக்குத் தெரியும். அவளோட செட்ல முந்தின வருஷம் நின்ன ரெண்டு பொண்ணுங்க திருப்பூர் கம்பெனிக்குப் போயாச்சு. ஒருத்திக்குக் கல்யாணம் ஆயாச்சு. அந்த மூணு பேருக்கும் 'அடுத்த வருஷம்'னுதான் சொன்னாங்க.

தங்கச்சி எதுவும் பேசலை. அடுப்படியில இருந்து எட்டிப் பார்த்து, "அண்ணா, அப்ளிகேஷன் எப்போ கொடுப்பாங்க?"ன்னு மட்டும் கேட்டா. அவகிட்ட மே மாசம்னு சொல்லியிருக்கேன். இந்தத் தடவை அப்பாவோட சேர்ந்து வியாபாரிகிட்ட நானும் போகப்போறேன். என் பேர்ல தனியா ஒரு அட்வான்ஸ் கேட்கப்போறேன். கேட்டரிங்ல திரும்ப முழு நேரம் சேர்ந்துட்டா வட்டியைக் கட்டிடலாம்னு ஒரு கணக்கு.

என் தங்கச்சி காலேஜ்ல சேர அரசாங்கம் புதுசா ஒரு ரூபாய்கூட ஒதுக்க வேணாம். ஏற்கெனவே அவளுக்குன்னு ஒதுக்கின பணம் இருக்கு. அதை ஏப்ரல்ல கொடுக்காம, ஜூன்லயே கொடுங்க. போதும்!